குறைமாதக் குழந்தைகளின் நோய் எதிர்ப்பாற்றல்

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். உலக சுகாதார நிறுவனம் இதனை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. 32 வாரம் முடிந்து 37 வாரத்திற்குள் பிறப்பவர்கள் முதல் படி. பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் இதில்தான் அடங்குவர். 28 முதல் 32 வாரத்திற்குள் பிறப்பவர்கள் இரண்டாம் படி. 28 வாரங்கூட நிறையாமல் பிறப்பவர்கள் மூன்றாம் படி. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். எண்ணிக்கையில் உலகிலேயே இதுதான் அதிகம்.

இக்குழந்தைகளுக்கு முதல் ஆபத்து மூச்சுத் திணறல் என்றால், அதை அடுத்து வருவது நோய்த்தொற்று. "எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை" என்று வீட்டில் சொல்வார்கள். இந்தச் சொல் பாதி உண்மைதான். கருவில் வளரும் குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் கருவறைக்கு ஏற்றபடி அமைந்தது. அங்கே அதன் முதல் கடமை சண்டையிடுவது அன்று, அமைதியாக இருப்பது. அந்த அமைதி நிலையிலேயே, தாய் தர வேண்டிய பாதுகாப்பு முழுமையாக வந்து சேரும் முன்னரே, குழந்தை கிருமிகள் நிறைந்த உலகிற்கு வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் மருத்துவமனையில் செய்யப்படும் பல செயல்களின் காரணம் விளங்கும்.

கருவறையில் நடப்பது

கரு உருவான மூன்றாம் வாரத்திலேயே கருவுணவுப் பையில் முதல் ரத்த அணுக்கள் தோன்றுகின்றன. பிறகு இந்த வேலையைக் கல்லீரல் ஏற்றுக்கொள்கிறது. இறுதி மாதங்களில் எலும்பு மஜ்ஜை அதை முழுப் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. மார்பு எலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி டி செல்களுக்குப் பள்ளிக்கூடம் போன்றது. உடலின் சொந்தத் திசு எது, அந்நியப் பொருள் எது என்று அங்கேதான் அவை பாடம் கற்கின்றன. ஏறத்தாழ 14ஆம் வாரத்திற்குள் இப்படிப் பயின்ற டி செல்கள் கருவின் ரத்தத்தில் காணப்படத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே 26 வாரத்தில் பிறக்கும் குழந்தையிடமும் எல்லா வகை வெள்ளணுக்களும் இருக்கின்றன. இல்லாதவை போதிய எண்ணிக்கையும் அனுபவமும்தான்.

அமைதி ஏன் தேவை என்பதும் எளிதில் விளங்கக்கூடியதே. குழந்தையின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. எனவே தாய்க்கும் சேய்க்கும் இடையில் திசு ஒற்றுமை பாதியளவே உண்டு. தாயின் செல்கள் சிறிதளவு நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் உடலுக்குள் செல்கின்றன. அவற்றைக் கண்டவுடன் குழந்தையின் வெள்ளணுக்கள் போர் தொடுத்தால் கருவே நிலைக்காது. 2008ஆம் ஆண்டில் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. தாயின் செல்கள் கருவின் நிணநீர் முடிச்சுகளில் சென்று தங்குகின்றன. அவற்றைத் தாக்காமல் அடக்கி வைக்கும் சிறப்பு டி செல்களைக் கரு தானாகவே உருவாக்கிக்கொள்கிறது. கருவின் எதிர்ப்பு மண்டலம் உறங்கவில்லை. பொறுத்துப் போகும் வேலையை முனைந்து செய்கிறது என்பதே இதன் பொருள்.

தாய் கொடுக்கும் சீதனம்

நோய்க்கிருமிகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். இவற்றில் ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ எனப் பல வகைகள் உண்டு. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்வது ஐஜிஜி மட்டுமே. அது தானாகக் கசிந்து செல்வதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு தனி ஏற்பிப் புரதம் அதனைப் பிடித்து, தாயின் ரத்தத்திலிருந்து சேயின் ரத்தத்திற்கு ஏற்றி அனுப்புகிறது. இப்படியொரு ஏற்பி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொன்னவர் பிரிட்டிஷ் விலங்கியல் அறிஞர் பிராம்பெல். பின்னர் அது கண்டறியப்பட்டபோது அவர் பெயராலும் அதனை அழைக்கலாயினர்.

இந்த ஏற்றுமதி சுமார் 13ஆம் வாரத்தில் தொடங்கினாலும் மிக மெதுவாகவே நடக்கிறது. 17 முதல் 22 வாரங்களில் குழந்தையிடம் இருப்பது தாயின் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். 28 முதல் 32 வாரங்களில் அது பாதியளவை எட்டுகிறது. அதன் பிறகு வேகம் கூடுகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிடவும் கூடுதலான ஐஜிஜி இருப்பது வழக்கம். அதாவது கருப்பையின் கடைசிப் பத்து வாரங்களில்தான் இந்தச் சீதனத்தின் பெரும்பகுதி கைமாறுகிறது. 27 வாரத்தில் பிறந்த குழந்தை இழப்பது இதைத்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஐஜிஜியிலேயே நான்கு உட்பிரிவுகள் இருக்கின்றன. டெட்டனஸ், தட்டம்மை போன்றவற்றிற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் முதல் உட்பிரிவைச் சேர்ந்தவை. இவை எளிதில் கடக்கின்றன. சர்க்கரைப் பொருளாலான உறையுடைய சில பாக்டீரியாக்களுக்கு எதிரானவற்றில் இரண்டாம் உட்பிரிவு அதிகம். இது மிகத் தயங்கியே கடக்கிறது. ஆகவே ஒரே குழந்தை ஒரு நோய்க்கு ஓரளவு காப்பும் மற்றொரு நோய்க்கு ஏறக்குறைய காப்பே இல்லாமலும் பிறக்கக்கூடும்.

பெற்ற ஐஜிஜியும் நிலையாக இருப்பதில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குழந்தையின் உடல் தானே எதிர்ப்பொருள்களைப் போதிய அளவில் செய்யத் தொடங்குவதற்குள் தாயின் கையிருப்பு கரைந்துவிடுகிறது. நிறைமாதக் குழந்தைக்கும் 3 முதல் 6 மாத வயதில் இந்தப் பள்ளம் வருகிறது. குறைமாதக் குழந்தைக்கு அது முன்னதாகவே வருகிறது, ஆழமாகவும் இருக்கிறது.

"ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காது" என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்றும் கேட்கப்படுகிறது. பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து உண்டு. மேலே சொன்ன கணக்கே இதற்கு மறுப்பு. ஒவ்வொரு கூடுதல் வாரத்திற்கும் எதிர்ப்பொருளின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. எட்டாம் மாதத்தில் எங்கும் இறங்குவதில்லை. பிழைக்கும் வாய்ப்பும் அப்படியே. இந்த நம்பிக்கையால் எட்டாம் மாதக் குழந்தையின் மீது அக்கறை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது.

தாயிடம் இருப்பதைத்தான் தாய் கொடுக்க முடியும். கர்ப்ப காலத்தில் போடப்படும் டெட்டனஸ் தடுப்பூசி தாயை மட்டுமன்றிப் பிறக்கப்போகும் குழந்தையையும் காப்பது இந்த வழியில்தான். பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கான கக்குவான் இருமல் தடுப்பூசியை 2016 முதல் 16ஆம் வாரத்திலிருந்தே போடலாம் என்று முன்னுக்குக் கொண்டுவந்தனர். குறைமாதத்தில் பிறக்கக்கூடிய குழந்தைகளுக்கும் பயன் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

தோலும் குடலும்

எதிர்ப்பொருள்களையும் வெள்ளணுக்களையும் பற்றிப் பேசும்போது தோலை மறந்துவிடுகிறோம். உடலின் முதல் மதில் அதுதான். தோலின் மேலடுக்கு உறுதிப்படுவது சுமார் 34ஆம் வாரத்தில். 24 அல்லது 25 வாரத்தில் பிறந்த குழந்தையின் தோல் ஈரத் தாள்போல இருக்கும். உள்ளிருக்கும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பிளாஸ்திரியை உரித்தாலே தோலும் கூட வந்துவிடும். அந்தச் சிறு காயம் கிருமிகளுக்குத் திறந்த வாசல். நிறைமாதக் குழந்தை பிறக்கும்போது உடலில் அப்பியிருக்கும் வெண்ணிற மாவு போன்ற பூச்சில் கிருமிகளை அழிக்கும் புரதங்கள் உள்ளன. கடைசி மூன்று மாதங்களில் உருவாகும் இந்தப் பூச்சும் மிகக் குறைமாதக் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு: பிறந்து காற்றுப் பட்டவுடன் தோல் விரைந்து முதிரத் தொடங்குகிறது, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெருமளவு தேறிவிடுகிறது.

குடலின் நிலை இதைவிடச் சிக்கலானது. குடலின் உட்சுவரைப் போர்த்தும் சளிப் படலம் மெல்லியதாக இருக்கிறது. கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கும் சிறப்புச் செல்கள் முதிரவில்லை. ஆனால் பாக்டீரியாவைக் கண்டவுடன் எச்சரிக்கை மணி அடிக்கும் உணர்விப் புரதம் ஒன்று மட்டும் அங்கே அளவுக்கு மீறி இருக்கிறது. காவலாளிகள் குறைவு, அலாரம் மட்டும் மிகக் கூர்மை. சாதாரணமாகக் குடியேறும் பாக்டீரியாவையும் பெரும்பகையாக எண்ணிக் குடல் அழற்சியுறுகிறது; ரத்த ஓட்டம் தடைப்படுகிறது; குடல் சுவர் அழுகத் தொடங்குகிறது. குறைமாதக் குழந்தைகள் பிரிவில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் குடல் திசு அழிவு நோய் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. எதிர்ப்பாற்றல் குறைவது மட்டுமே ஆபத்து என்று நினைப்பவர்கள் இந்நோயைக் கவனிக்க வேண்டும். இங்கே ஆபத்து எதிர்ப்பு மிகுவதால் வருகிறது.

வெள்ளணுக்களின் கையிருப்பு

பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்பவை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜையில் இவற்றின் சேமிப்பு குறைமாதக் குழந்தைகளுக்கு மிகக் குறைவு. கடுமையான தொற்று வந்தால் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். இருப்பவையும் தொற்றுள்ள இடத்திற்கு மெதுவாகவே நகர்கின்றன. கிருமிகளுக்கு வலை விரித்துப் பிடிக்கும் திறமையும் அவற்றிற்கு இன்னும் கைவரவில்லை. தாய்க்குக் கர்ப்ப கால ரத்த அழுத்த நோய் இருந்திருந்தால் குழந்தையின் நியூட்ரோஃபில் எண்ணிக்கை மேலும் குறைந்திருக்கும்.

இதன் விளைவு ஒன்றைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும். குறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் காய்ச்சல் வராது. உடல் குளிர்ந்து போவதுகூட உண்டு. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, மூச்சு இடையிடையே நிற்பது, நிறம் வெளிறுவது, வயிறு உப்புவது ஆகியவையே அறிகுறிகள். வீட்டிற்கு அழைத்து வந்த பிறகு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஊசியால் ஈடுசெய்ய முடியுமா?

எதிர்ப்பொருள் குறைவு என்றால் அதையே ஊசி வழியாக ஏற்றிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அறிவியலாளர்களுக்கும் தோன்றியது. கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜியைத் தொற்றுள்ள பச்சிளங்குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. ஒன்பது நாடுகளில் 3,493 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். இரண்டு வயதில் இறப்பையும் பெரிய ஊனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மருந்து பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் ஒரே அளவாக 39 விழுக்காடு இருந்தது.

நியூட்ரோஃபில்களைப் பெருக்கும் மருந்தும் சோதிக்கப்பட்டது. எண்ணிக்கை உயர்ந்தது, தொற்று குறையவில்லை. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஃபெரின் புரதத்தைப் பசும்பாலிலிருந்து எடுத்து பிரிட்டனில் 2,200க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அதன் முடிவும் ஏமாற்றமே. குறையும் பொருளை மட்டும் நிரப்பினால் போதாது என்பதை இம்மூன்று ஆய்வுகளும் மருத்துவ உலகிற்கு உணர்த்தின. ஒரே ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு எதிராகத் தயாரிக்கப்பட்ட எதிர்ப்பொருள் ஊசிகள் மட்டும் இதற்கு விலக்கு. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரசுக்கு எதிரான ஊசி அத்தகையது. 1998 முதல் குறைமாதக் குழந்தைகளுக்கு அது பயன்பட்டு வருகிறது.

தாய்ப்பாலும் தாயின் மார்பும்

பலன் தந்தவை எளிய வழிகள். முதலாவது தாய்ப்பால். குறைமாதத்தில் பிரசவித்த தாயின் சீம்பாலில், நிறைமாதத் தாயின் சீம்பாலைவிட, ஐஜிஏ எதிர்ப்பொருள் செறிவாக இருக்கிறது. நஞ்சுக்கொடி வழியே வர இயலாத ஐஜிஏ பால் வழியே வந்து குடலின் உட்சுவரில் பூச்சுப் போலப் படிகிறது. மேலும், தாய் எதிர்கொள்ளும் கிருமிகளுக்கு எதிராக அவளது குடலில் பயிற்சி பெற்ற செல்கள் மார்புக்குச் சென்று அங்கே எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. தாய் குழந்தையின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இருவரும் சந்திப்பது ஒரே கிருமிகளை. பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரை வகைகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. அவை குழந்தைக்கான உணவல்ல, குடலில் குடியேற வேண்டிய நல்ல பாக்டீரியாவுக்கான உணவு.

புட்டிப்பால் பெறும் குறைமாதக் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் பெறுவோருக்குக் குடல் திசு அழிவு நோய் குறைவாகவே வருகிறது. தாயிடம் பால் போதாதபோது கொடையாகப் பெற்றுப் பதப்படுத்திய பாலும் இந்நோயைக் குறைக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கப்பட்டது. பதப்படுத்தும்போது பாலின் உயிர்ச் செல்கள் அழிந்துவிடுவதால் சொந்தத் தாயின் பாலுக்கே முதலிடம்.

பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. நிறைமாதக் குழந்தைக்கே அது வேண்டாதது. குறைமாதக் குழந்தைக்கு அது நேரடி ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரிய வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாத நோயை உண்டாக்க வல்லவை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பழக்கமும் இன்னும் முழுதாக மறையவில்லை. மேலே சொன்னவற்றைப் படித்தவர்களுக்கு அதன் இழப்பு எவ்வளவு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வழி கங்காரு பராமரிப்பு. குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோல் படும்படி, நிமிர்த்தி அணைத்துக் கட்டிவைக்கும் முறை இது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா இதனைத் தொடங்கினார். இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவிய சூழலில் பிறந்த யோசனை இது. குழந்தையின் உடலில் முதலில் குடியேறுவது மருத்துவமனைக் கிருமிகளா, தாயின் தோலில் வாழும் பழகிய பாக்டீரியாவா என்பதை இது மாற்றியமைக்கிறது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினார்கள். உடல்நிலை சீரானபின் தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 15.7 விழுக்காடு. உடனே தொடங்கிய பிரிவில் 12 விழுக்காடு. தொற்றும் குறைந்தது. 2021இல் இம்முடிவு வெளியானது.

கை கழுவுதலைப் பற்றித் தனியே சொல்வது தேவையற்றதாகத் தோன்றலாம். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு நிலைமையின் கடுமையைக் காட்டுகிறது. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் காணப்பட்டவை அசினெட்டோபேக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலி என்ற மூன்று பாக்டீரியாக்கள். அவற்றுள் முதலிரண்டில் பாதிக்கு மேற்பட்டவை பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. மருந்து தோற்கும் இடத்தில் சோப்பும் தண்ணீரும்தான் மிச்சம். தேவையின்றி நீட்டிக்கப்படும் ஆன்டிபயாட்டிக் சிகிச்சை நல்ல பாக்டீரியாவையும் அழிப்பதால், கிருமி இல்லை என்று ரத்தப் பரிசோதனை காட்டியதும் மருந்தை நிறுத்த மருத்துவர்கள் முனைவதும் இதனால்தான். அதைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

மூன்று மாதங்களில் நடக்கும் மாற்றம்

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 100 குழந்தைகளைப் பிறந்தது முதல் 12 வாரங்கள் வரை தொடர்ந்து கவனித்தனர். சில துளி ரத்தத்திலேயே பல வகை வெள்ளணுக்களையும் நூற்றுக்கணக்கான புரதங்களையும் அளந்தனர். பிறந்த அன்று குறைமாதக் குழந்தைகளின் எதிர்ப்பு மண்டலம் நிறைமாதக் குழந்தைகளுடையதிலிருந்து முற்றிலும் வேறுபட்டிருந்தது. ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல இரு குழுவினரும் ஒரே பாதைக்கு வந்து சேர்ந்தனர். குடலில் குடியேறும் பாக்டீரியாக்களே இந்தப் பாதையை வகுப்பதாகத் தெரிந்தது. 2018இல் செல் இதழில் இது வெளியானது. முதிர்ச்சியைத் தூண்டுவது கருவுற்ற நாளிலிருந்து எண்ணும் வாரக் கணக்கு மட்டுமல்ல, வெளியுலகத்துடன் ஏற்படும் தொடர்பும்தான் என்று இதிலிருந்து கொள்ளலாம். இது குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்கு உண்மையிலேயே நல்ல செய்தி. எனினும் முதல் ஆண்டிலும் அதற்குப் பின்னும் மூச்சுக்குழாய்த் தொற்றுகள் இவர்களை அதிகம் பாதிப்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும்.

தடுப்பூசிக் கணக்கு

குறைமாதக் குழந்தை தவழ்வதையும் பேசுவதையும் மதிப்பிடும்போது, முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துத் திருத்திய வயதைக் கொள்வர். தடுப்பூசிக்கு அப்படிக் கழிக்கக் கூடாது. பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. "இன்னும் எடை போடவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். தாயிடமிருந்து மிகக் குறைவான எதிர்ப்பொருளைப் பெற்ற குழந்தைக்குத் தாமதம் மற்ற குழந்தைகளைவிட அதிகக் கேடு.

விதிவிலக்குகள் சில உண்டு. 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளிடம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணை நன்கு வேலை செய்யாமல் போகலாம் என்பதால், அதன் காலத்தையும் கூடுதல் தவணையையும் மருத்துவர் முடிவு செய்வார். மிகச் சிறிய குழந்தைகளுக்கு ஊசிக்குப் பின் இரண்டொரு நாள் மூச்சு இடைநிற்கக்கூடும். ஆகவே இன்னும் மருத்துவமனையில் இருப்போருக்கு அங்கேயே போட்டுக் கவனிப்பர். ஊசியின் அளவைப் பாதியாக்குவது கூடாது. சில தடுப்பூசிகளுக்கு இவர்களின் உடல் சற்றுக் குறைவாகவே எதிர்ப்பொருளை உருவாக்கினாலும் காப்புக்குத் தேவையான அளவைப் பெரும்பாலோர் எட்டிவிடுகின்றனர். ஒன்றரை வயதையொட்டிப் போடும் ஊக்கத் தவணையைத் தவறவிடாமல் இருப்பது அதனால் முக்கியமாகிறது.

இந்தியத் தடுப்பூசி அட்டவணையில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. 28 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டால், அது முறையாகப் பிறந்திருக்க வேண்டிய நாள் 12 வாரங்கள் கழித்துத்தான் வரும். உடல்நிலை சீராக இருந்தால், அந்த நாள் வருவதற்குள் அக்குழந்தை முதலிரண்டு தவணைகளையும் பெற்றிருக்க வேண்டும்.